ஏரியில் விட்ட சிப்பி

பழைய சாமான்காரருக்குப் போடலாம் என்று உங்கள் மீன்தொட்டியை இன்று வெளியே இழுத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் மூலையில் அந்தச் சிப்பி வாடை.

நெய்வேலியில் நாம் பிளாக் மாறி வேறு குவார்ட்டர்ஸுக்குப் போனபோது, மீன்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். கடையில் வாங்கிய பாசியோடு வந்து கல்லெல்லாம் அப்பியிருந்த குட்டிச் சிப்பிகளை யாரும் கேட்கவில்லை. சாக்கடையில் கொட்டுங்கள் என்றேன். "உயிராச்சே, மனசு வரல" என்று வாளியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போனீர்கள். உங்களுக்கு எப்போதும் இரக்கம் பொத்துக்கொண்டு வரும்.

சில வருஷத்தில் மதகுக் கல் முழுக்கச் சிப்பி. மழைக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் கொண்டை வாத்துகள் முன்பெல்லாம் ஏரி முழுக்கப் பரவி இரை தேடும். ஆள் அரவம் கேட்டால் எழும்பிவிடும். இப்போது மதகடியிலேயே முங்கி முங்கிச் சிப்பியை விழுங்கிக்கொண்டு கிடந்தன. கிட்டே போனாலும் நகரவில்லை. வாத்து பிடிக்கும் வலைக்காரர்களுக்கு வேலை சுலபமாயிற்று. வெயில் ஏறி மற்ற பறவைகள் கிளம்பிய பிறகும் சில போகவில்லை. பங்குனியில் இரண்டு மூன்று வெயில் தாங்காமல் செத்து மிதந்ததைச் சேர்ந்துதான் பார்த்தோம்.

"நான் உட்டதுதாண்டி இது" என்றீர்கள்.

"உலகத்துல வேற சிப்பியே இல்லையா? சும்மா இருங்க" என்றேன்.

நீங்கள் சும்மா இருக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்தால் ஏரிக்கரை. வீட்டில் சோற்றில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்ப்பீர்கள். தவக்காலம் முடிவதற்குள் சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லியும்விட்டீர்கள். முகம் செத்துத் திரும்பி வந்தீர்கள்.

"சாமி சிரிச்சிகினே சொல்றாரு, இது பாவமே இல்லையாம். பாவமில்லன்னா மன்னிப்பு எங்கேருந்து வரும்?"

அடுத்த மழைக்காலத்துக்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், அந்த மன்னிப்பு கிடைக்காமலே. எனக்கு இன்றுவரை அதுதான் ஆறவில்லை.

போன வெள்ளிக்கிழமை நானே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இப்போது இருப்பவர் புதுச் சாமியார். சிப்பியை ஏரியில் விட்டது நான்தான் என்றேன். பறவைகள் செத்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கொடுத்து, மாதாவுக்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

ஏரிக்கரையில் முழங்காலிட்டுச் சொன்னேன். நல்ல வெயில். மதகடியில் வாத்துகள் இன்னும் முங்கிக்கொண்டிருந்தன, கிளம்புகிற எண்ணமே இல்லாமல். நீங்களாவது நிம்மதியாகக் கிளம்புங்கள். இனி, சிப்பியை விட்டது நான்தான்.