பசுங்கன்றா, எருமைக்கன்றா

1931, மாசி 12. ஓமலூர்.

இன்று நெசவுக்காரர் தெருவில் பதினோரு குழந்தைகளுக்கு அம்மை குத்தினேன். பன்னிரண்டாவது குழந்தையை அதன் தாய் மடியை விட்டு இறக்கவில்லை.

“ஏனுங்க, இந்த மருந்து கன்னுக்குட்டி ஒடம்புல எடுக்கறதாமே? பசுங்கன்னா, எருமைக்கன்னா?” என்று கேட்டாள்.

இரண்டிலும் எடுப்பதுண்டு. என் கையிலிருந்த மருந்துக் குழாயில் எது என்று எனக்குத் தெரியாது. அப்படியே சொன்னேன்.

“எருமைன்னா குத்துங்க சாமி. பசுவ நோவடிச்சு எடுத்ததுன்னா எங்க கொலதெய்வத்துக்கு ஆகாதுங்க. கேட்டுட்டு வாங்க, நான் எங்கயும் ஓடிப்போவ மாட்டேன்.”

எரிச்சலாகத்தான் இருந்தது. குத்திக்கொள்ள மறுத்தால் சட்டப்படி கேஸ் எழுதலாம். ஆனால் அவள் மறுக்கவில்லையே, கேள்விதானே கேட்டாள்.

திரும்பும் வழியில் பியூன் மாரப்பன் முணுமுணுத்தான்: “எருமைன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுதுங்க. எருமையா வந்து சாட்சி சொல்லப் போவுது?”

அவன் சொல்வதையும் தள்ள முடியவில்லை. அவள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் அம்மை கண்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறார்கள்.

மருந்து அனுப்பும் சென்னை ஆபீசுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். பதில் வர நாலு நாளாகும். பசு என்று வந்தால் அதையும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். அந்த நாலு நாளும் வேப்பிலை அவள் வாசலுக்கு வராமல் இருக்க வேண்டும்.