ஜன்னல் வரிசைக்கு ஒரு சுவிட்ச்

என் மாலதி அக்காவுக்கு,

அன்றைய மீட்டிங்கில் நான் சொல்லாமல் விட்டது ஒரே வரிதான்: எனக்கும் கண் வலிக்கிறது.

"வேற யாருக்காவது லைட்டால பிரச்சினை இருக்கா?" என்று மேனேஜர் கேட்டார். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேனா? வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதம். நோட்டில் குனிந்துகொண்டேன்.

நம் ஆபீசில் காலை வெயில் கம்ப்யூட்டர் திரையில் அடிக்கும். யாராவது பிளைண்ட்ஸை இறக்குவார்கள், அதோடு மறந்துவிடுவார்கள். வெயில் நகர்ந்த பிறகும் சாயங்காலம் வரை அது இறங்கியே கிடக்கும். தலைக்கு மேல் அத்தனை விளக்கும் எரியும். பன்னிரண்டு மணிக்கு எழுந்து அதை ஏற்றிவிடுபவர் நீங்கள் ஒருவர்தான்.

"சூரியன் அந்தப் பக்கம் போயாச்சு. இன்னும் யாருக்குப் பயந்து மூடி வச்சிருக்கீங்க?"

பிறகு, கண் வலிக்கிறது என்று விளக்கை அணைப்பீர்கள். ஜன்னலிலிருந்து கதவு வரை ஒரே சுவிட்ச் என்பதால் உள்வரிசையும் இருண்டுவிடும். அங்கிருந்து கிரிஷ் கன்னடம் கலந்து கத்துவார்: "மேடம், ஸ்வல்ப கருணை காட்டுங்க. நாங்க என்ன வௌவாலா?"

"வௌவால் உன்ன மாதிரி புலம்பாது, கிரிஷ்."

எல்லோரும் சிரிப்போம். ஆனாலும் யாரோ புகார் கொடுத்தார்கள். அந்த மீட்டிங்கில் உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை என்று முடிவாகி, ஜன்னலோரத்தில் என் பக்கத்து சீட்டிலிருந்து உங்களை உள்ளே மாற்றினார்கள், நேராக விளக்கின் கீழே.

அன்று சாப்பிடும்போது தலைவலி மாத்திரை அட்டையை என் டிபன் பாக்ஸ் பக்கம் நகர்த்தினீர்கள். "எடுத்துக்கோ. நெத்தியத் தேச்சுக்கிட்டே இருக்கியே." அப்படியானால் மீட்டிங்கிலேயே உங்களுக்குத் தெரிந்திருந்ததா? என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றுதான் திரும்பவில்லையா?

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று லீவு போட்டீர்கள். அடுத்து உங்களைப் பார்த்தது ஆஸ்டின் டவுனில் உங்கள் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள். உங்கள் அம்மா என்னிடம், "நீதான் பக்கத்து சீட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லக் கூசியது.

போன மாதம் மேனேஜருக்கு என் பெயரிலேயே மெயில் எழுதினேன்: எனக்குக் கண் வலிக்கிறது, ஜன்னல் வரிசை விளக்குகளைத் தனியாக அணைக்க வழி வேண்டும். கிரிஷ் படித்துவிட்டு, "என் பேரையும் போடு. மேடம் இருந்தப்பவே போட்டிருக்கணும்" என்றார்.

அக்கா, இனி இப்படி யாராவது தனியாக நின்றால், என் வலியையும் சேர்த்துச் சொல்வேன்.

சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்தார். ஒயரைப் பிரித்து ஜன்னல் வரிசைக்குத் தனி சுவிட்ச் வைக்க அவருக்கு அரை நாள் ஆனது.

உங்கள் தங்கை,
நித்யா