ஆறு செவ்வாய்க்கிழமைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் அத்தான் கைத்தடி இல்லாமல் நடக்கிறார். நடக்கிறார் என்பதைவிட, தான் நடப்பதை எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்க்கிறார். அந்த ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? மூக்கடைப்பு வந்தால் வழக்கம்போல அலட்சியமாக இருக்காதே.

இது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் போனில் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், நானும் விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

பழைய கடைவீதியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் போன சனிக்கிழமை நகராட்சி மண்டபத்தில் நடந்தது. இந்த மாதிரிக் கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முடிவெடுத்துவிட்டுத்தான் கருத்துக் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், உங்கள் கம்பெனி தயாரித்த திட்ட அறிக்கையில் உன் பெயரைப் பார்க்கத்தான் போனேன். இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

வந்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர் கொடுத்தார்கள். பூங்கா, அடுக்குமாடி, வாகன நிறுத்தம் என்று படங்கள் வைத்திருந்தார்கள். பிடித்ததன்மேல் ஒட்ட வேண்டும். இருப்பதை அப்படியே விடு என்பதற்குப் படம் இல்லை. சக்கர நாற்காலி ரிப்பேர் கடைக்காரம்மா ஒருவர் மூன்றையும் தன் கைப்பையில் ஒட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

“இந்தத் தெருவுல ஆள் நடமாட்டமே இல்லன்னு எழுதியிருக்கீங்க. அப்ப நான் தினமும் யார்கூட சண்டை போடுறேன்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “பஸ்ஸ விட்டு எறங்குனா நாலாவது கடை. ஊருக்கு வெளிய எடம் தர்றேங்கிறீங்க. சக்கரம் ஒடஞ்ச வண்டியத் தள்ளிக்கிட்டு அங்க யாருங்க வருவாங்க?” என்று கேட்டார்.

திட்ட அதிகாரி மிகவும் மரியாதையாக, “அம்மா, நாங்க சும்மா சொல்லல. ஆறு நாள், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஆள் நின்னு எண்ணியிருக்கோம்” என்றார். அந்த அம்மா மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பின்னிணைப்பு வரை படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு. எண்ணிய தேதிகள் அங்கே பொடி எழுத்தில் இருந்தன, கிழமை இல்லை. பதினான்காம் தேதியைப் பார்த்ததும் நினைவு வந்தது. அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த நாள். எண்ணி முடித்து நேராக வந்து, நீதான் அவரை மாடிக்குத் தூக்கிப் போனாய். அது செவ்வாய்க்கிழமை. மற்ற ஐந்தையும் வீட்டுக்கு வந்து காலண்டரில் பார்த்தேன். ஆறும் செவ்வாய்.

ஒரே கிழமை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. திங்கட்கிழமை கல்லூரி முடிந்ததும் அந்தத் தெருவுக்குப் போனேன். தோளை இடிக்காமல் நடக்க முடியவில்லை. அந்த அம்மாவின் கடை வாசலில் ஏழு வண்டிகள் வரிசையில் நின்றன. வார விடுமுறை எப்போது என்று கேட்டேன்.

“நாளைக்கு வந்துராதீங்க மேடம், செவ்வாக்கெழம தெருவே லீவு. ஞாயித்துக்கெழம எப்படிங்க மூடுறது? பெத்தவங்களக் கூட்டிக்கிட்டுப் பிள்ளைங்க வர்றதே அன்னைக்குத்தானே” என்றார். நான் யாருடைய அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

நீ ஏமாற்றவில்லை. அது எனக்குத் தெரியும், மூடியிருந்த கடைகளை வியாபாரம் ஓய்ந்துபோனவை என்று நினைத்திருப்பாய். “அக்கா, இன்னைக்கு மொத்தமே பதினோரு பேரு, ரெண்டு நாயி” என்று சாப்பிடும்போது சொன்னாய், நானும் சிரித்தேன். எந்த நாளில் எண்ணுவது என்பதைக் கம்பெனி உன்னிடமே விட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு வகுப்பு இல்லை, அன்றைக்கே வைத்துக்கொள், சூடாகச் சமைத்துப் போடுகிறேன் என்று சொன்னவள் நான். அத்தான் படுத்திருந்த அந்த ஆறு வாரமும் உன் செருப்புச் சத்தத்துக்காக எப்படிக் காத்திருந்தேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை.

கருத்து அனுப்பக் கடைசி நாள் முப்பதாம் தேதி. அந்த ஆறு நாளும் தெரு விடுமுறை என்பதைச் சொல்லி, திரும்ப எண்ணச் சொல்லி நீயே எழுது. இந்த அறிக்கையை வைத்துத்தான் உனக்குப் பதவி உயர்வும் வெளிநாட்டு வேலையும் கிடைத்தன. தெரிந்துதான் கேட்கிறேன்.

என் பங்குக்கு நானும் ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கிழமையைச் சொன்னது நான் என்று அதில் இருக்கிறது. இருபத்தைந்தாம் தேதி வரை தபாலில் சேர்க்க மாட்டேன். உன்னுடையது முதலில் போய்ச் சேர வேண்டும்.

கோபம் வந்தால் திட்டியாவது நாலு வரி எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். எந்தத் தெருவிலும் நீ தலைநிமிர்ந்து நடந்து, நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா