கை தட்டாத ஊர்

ஏப்ரல் 14

இன்று அம்மா கடையில் யார் தலைமுடியைக் கத்தரித்தாலும் ஒரே பேச்சு. "எங்க ரீத்தா அல்மாட்டிக்குப் படிக்கப் போறா." நான் இன்னும் முடிவே செய்யவில்லை! பல்கலைக்கழகம் என்னை எடுக்குமா என்ற கவலை எனக்கில்லை. மதிப்பெண் வந்துவிடும். நான் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. பாடம் எங்கும் ஒன்றுதான். நான்கு வருடம் யாரோடு சாப்பிடுவேன், யாரோடு சண்டை போடுவேன் — அதைப் பார்த்துத்தான் முடிவு. நாலு விதமான ஆட்களோடு பழக வேண்டும்.

ஏப்ரல் 20, அல்மாட்டி

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். பொய் சொல்லக் கூடாது, அசந்துதான் போனேன். மலையேறும் குழு, நாடகக் குழு, மாடியில் காபிக் கடை. துருக்கியிலிருந்து வந்த ஒருவன் சிரித்தால் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் சிரிப்பு வருகிறது. முப்பது இனத்து மாணவர்கள் இருக்கிறார்களாம். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கொடி, ஒரு மேஜை.

சுற்றிக் காட்டிய அய்னாஷ் என்னைப் பார்த்ததும் ரஷ்ய மொழியில் ஆரம்பித்தாள். "நீ கொரியப் பொண்ணுதானே? டான்ஸ் ஆடுவியா? எங்க கொரிய மேஜைக்கு ஆளே பத்தல!"

நான் கசாக்கில் பதில் சொன்னேன். "டான்ஸ் வராதுக்கா. கழிப்பறை எந்தப் பக்கம்?"

கை தட்டினார்கள். நிஜமாகவே! கழிப்பறைக்கு வழி கேட்டதற்குக் கை தட்டல்! "ஐயோ, எங்களைவிட நல்லா பேசுறாளே! இன்னொரு தடவை சொல்லும்மா, வீடியோ எடுத்துக்கிறேன்" என்றாள் அய்னாஷ்.

உஷ்டோபேயில் எங்கள் தெருவில் இருந்தது கசாக் பள்ளி, அதில் படித்தேன். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் கசகஸ்தான்காரர்கள். வீட்டில் ரஷ்யன். கொரிய மொழியில் எனக்குத் தெரிந்தது சாப்பாட்டுப் பெயர்கள் மட்டும். இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் இன்னொரு தடவை சொன்னேன். அவசரத்தோடு, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 21

வீடியோவை அம்மா ஊர் முழுக்கக் காட்டிவிட்டாள்.

மே 11, கிசிலோர்தா

அம்மாவின் பெரியப்பா மகனுக்கு அறுபதாம் பிறந்தநாள். அதற்காக ரயிலில் இவ்வளவு தூரம். விருந்தில் மூன்றாவது தடவை வாழ்த்துப் பேச்சு ஆரம்பித்ததும் நழுவிவிட்டேன். மாமா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பல்கலைக்கழக விடுதி இருக்கிறது.

வாசலில் காவல்கார அம்மா கசாக்கில் கத்தினாள். "ஏய், ஷூவைக் கழட்டுடி! இப்பத்தான் துடைச்சேன்." கழற்றினேன். யார், எவள் என்றுகூடக் கேட்கவில்லை.

சமையலறையில் பல்ஜான் என்ற பெண் மாவைப் பரத்திக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கனமாகத் தெரிந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "இவ்வளவு தடிமனா இருந்தா வேகாது" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "ஜெத்திசு பக்கமா நீ? பேச்சு இழுக்கறதுலயே தெரியுது. அங்க இருந்து வந்து எங்களுக்குச் சமையல் சொல்லித்தர்றாளாம்! இந்தா, நீயே பரத்து."

கட்டையைக் கையில் திணித்துவிட்டாள். பரத்தினேன். கிழிந்துபோயிற்று. அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

உஷ்டோபே ஜெத்திசுவில்தான் இருக்கிறது. அவள் கண்டுபிடித்தது என் ஊரை. ஊரை மட்டும்! திரும்பி வரும்போது தெருவில் கொஞ்ச தூரம் ஓடினேன், சும்மா.

ஜூன் 30

மதிப்பெண் வந்தது. சொன்னேன் இல்லையா?

ஜூலை 17

நாளைக்குள் முதல் விருப்பத்தைப் பதிய வேண்டும். நிதானமாக யோசித்துப் பார்க்கிறேன். கிசிலோர்தாவில் மலை இல்லை. மண்காற்று. கோடையில் வெயில் மண்டையைப் பிளக்கும். நாடகக் குழுவும் இல்லை, துருக்கிக்காரனும் இல்லை. எல்லோரும் ஒரே இனம், ஒரே மாதிரி சாப்பாடு. நாலு விதமான ஆட்களோடு பழக வேண்டும் என்று சொன்னவள் நான்தானே?

ஆனால் அல்மாட்டியில் நான் முப்பதில் ஒரு மேஜை. அங்கே நாலு விதமான ஆட்களோடு பழகுவது யார்? நான் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேனே!

அம்மாவிடம் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? அல்மாட்டியில உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. அங்க உன்னை யார் மதிப்பாங்க?"

"யாரும் மதிக்க வேணாம்மா. என்னைச் சும்மா விட்டா போதும்."

"சும்மா விடறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?"

அழுகிறாள். எப்படிச் சொல்றது இவளுக்கு? அவளுக்குப் பெருமையா இருக்கறது எனக்கு ஏன் கசக்குது — நான் திமிர் பிடிச்சவளா?

இருக்கலாம். அதற்காக மாற்றிக்கொள்ள முடியாது.

ஜூலை 18

பதிந்துவிட்டேன். முதலில் கிசிலோர்தா. அம்மா பேசவில்லை, ஆனால் என் முடியை வெட்டிவிட்டாள். ஒரு விரற்கடை கூடவே வெட்டிவிட்டாள்.

செப்டம்பர் 9

பல்ஜான் என் அறைத்தோழி. குறட்டை விடுகிறாள். சொன்னால் நான்தான் விடுகிறேன் என்கிறாள்.

அக்டோபர் 26

விடுதியில் மாடிக்கு மாடி எசப்பாட்டுப் போட்டி. எங்கள் இரண்டாம் மாடிக்கு நான். "உன் வாய்க்கு நீதான் சரி" என்று பல்ஜான் பிடித்துத் தள்ளினாள். மூன்றாம் மாடிக்கு மெருயெர்ட். தொம்ராவின் இரண்டு தந்திகளையும் மீட்டிக்கொண்டே எடுத்த எடுப்பில் பாடினாள்:

"பாலை அடுப்பில வச்சுட்டுப் பகல்தூக்கம் போடுறவ,
நாளைக்கு யார் வீட்டுப் பானையைக் கருக்கப் போறவ?"

கூடமே அதிர்ந்தது. போன வாரம் நிஜமாகவே கருக்கியிருந்தேன்! பதிலுக்கு ஒரு வரி பாடினேன், இரண்டாவது வரியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நடுவர் மெருயெர்ட்டின் கையை உயர்த்திவிட்டார்.

"மாடி மானத்தையே வாங்கிட்டியேடி!" பல்ஜான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா போன் செய்தாள். "கொரியப் பொண்ணு கசாக்குல பாடறான்னு எல்லாரும் அசந்து போயிருப்பாங்களே?"

"யாரும் அசரலம்மா. தோத்துட்டேன். அவளுக்குத்தான் கை தட்டினாங்க."

"அப்புறம் ஏன்டி இப்படிச் சிரிக்கிறே?" என்றாள்.