தாத்தா ஏறாத விமானம்

அன்புள்ள அத்தைக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் அப்பாவின் காது நீளும், அதனால் கடிதம்.

தாத்தா போனதிலிருந்து ஒருவர் தினமும் வருகிறார். தாத்தாவோடு ராணுவத்தில் வண்டி பழுது பார்த்தவராம். பிறகு விமானத் தொழிற்சாலையிலும் ஒரே பிரிவாம். தலையில் கம்பளிக் குல்லா. குல்லா போட்டுக்கொண்டு வருகிறாரா, நமக்குக் குல்லா போட வருகிறாரா என்பதுதான் வீட்டில் ஆராய்ச்சி. சாப்பாட்டு நேரம் பார்த்து வருவதால் அப்பாவுக்குச் சந்தேகம். மறுசோறு கேட்பதால் அம்மாவுக்கு அது உறுதி.

நானும் பொறி வைத்தேன். "சண்டையில தாத்தா கால்ல குண்டு பட்டப்போ நீங்க கூட இருந்தீங்களா?" என்று அப்பாவி போல் கேட்டேன். "குண்டா? அவன் கால்ல விழுந்தது சோத்து அண்டாம்மா. குண்டுன்னா சொல்லி வச்சிருக்கான், கேடி" என்று சிரித்தார். அண்டா நம் குடும்ப ரகசியம் அல்லவா? நான் பாதி நம்பிவிட்டேன். அப்பாவோ, "அண்டாவுல ஆரம்பிச்சு அண்டப்புளுகுல முடிப்பான் பாரு" என்கிறார்.

நேற்று அந்தக் குல்லாத் தாத்தா சொன்னது புளுகா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தாத்தாவின் வேலை உங்களுக்குத் தெரியும். விமானத் தகட்டை நாணயத்தால் தட்டி, ஓசையை வைத்தே உள்ளே பழுதா என்று கண்டுபிடிப்பார். வீட்டிலும் கதவு, தர்பூசணி, என் மண்டை எதையும் தட்டாமல் நம்பியதில்லை. உங்களுக்குக் குழந்தை பிறந்தபோது பார்க்கக் கிளம்பினாரே, அன்று விமானப் படியில் நின்றும் தட்டியிருக்கிறார். "ஓசை சரியில்ல, நான் பாக்காம இது கிளம்பக் கூடாது" என்றாராம். சும்மா விடுவார்களா? இழுத்துப்போய் ஓர் அறையில் வைத்து, பையைக் கொட்டி, குழந்தையின் கவுனைக்கூட உதறிப் பார்த்திருக்கிறார்கள். குல்லாத் தாத்தா போய்ச் சாட்சி சொன்ன பிறகுதான் விட்டார்களாம். அதற்குள் விமானம் போய்விட்டது.

ராணுவத்தில் இருந்த தன்னையே அவர்கள் சந்தேகப்பட்டதை வெளியே சொல்லக் கூசித்தான், அங்கிருந்தே உங்களைப் போனில் கூப்பிட்டுக் காய்ச்சல் என்றாராம். வீட்டுக்கு வந்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலே இல்லை என்று உங்களிடம் சொன்னவர் அப்பா. "அவருக்கு வர இஷ்டமில்ல, அவ்வளவுதான்" என்று நீங்கள் அன்றே முடிவு கட்டிவிட்டீர்கள். தாத்தா சாவுக்கும் நீங்கள் வரவில்லை.

அடுத்த மாதம் தொழிற்சாலை ஆட்கள் நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள். அதில் இதைப் பேசக் குல்லாத் தாத்தாவுக்கு ஆசை. கூடாது என்று அப்பா ஒரே பிடியாய் நிற்கிறார். புளுகு என்பதால் பயமா, நிஜம் என்பதால் பயமா என்று எனக்குச் சந்தேகம்.

தாத்தா போனில் பேசும்போது ஓர் அதிகாரி பக்கத்தில் நின்று, "சீக்கிரம் முடிய்யா" என்று அதட்டினாராம். அந்தக் குரல் உங்களுக்குக் கேட்டதா அத்தை?

கேட்டிருந்தால் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் கூப்பிடுங்கள். உங்கள் பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் பெற்ற வால்