இடித்த மாத்திரை

அன்புத் தங்கைக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படி. போனில் சொல்ல முடியவில்லை; உன் மாமியார் எப்போதும் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். அதனால் உங்கள் சூஸ் நகருக்கு வரும் வாடகைக் கார் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "மாமனாருக்குப் புரோஸ்டேட் மாத்திரை தொண்டையில இறங்கலக்கா. தினமும் நான்தான் பித்தளை உரல்ல இடிச்சு, விரலால தேன்ல குழைச்சு ஊட்டுறேன். உன் எலிங்களே தேவலை!" மாத்திரையின் பெயரையும் சொன்னாய். பின்னாலிருந்து உன் மாமியார், "மூணு மாசத்துலயே வயிறு சொல்லுது, பையன்தான்!" என்றார். நான் வாழ்த்திவிட்டுப் போனை வைத்தேன்.

எங்கள் துனிஸ் ஆய்வகத்தில் நாங்கள் பார்ப்பது இதைத்தான். ஆண் கருவில் புரோஸ்டேட் சுரப்பி தானாக முளைப்பதில்லை. சுற்றியுள்ள இணைப்புத் திசுதான் ஆண் ஹார்மோனுக்குச் செவிகொடுத்து, உள்படலத்தை முளைக்கச் சொல்கிறது. வெளியுறுப்பு உருவாவதும் அந்த ஹார்மோனால், இந்த மாதங்களில்தான். அந்த மாத்திரை அதைத் தடுக்கும். மருந்து கொடுத்த எலிகளின் ஆண் குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். என்ன பார்த்தேன் என்று கேட்காதே.

கைத்தோல் வழியே உன் உடம்புக்குள் போனது மிகச் சிறிதாகத்தான் இருக்கும். ஆனாலும் இன்றே உரலை ஹெடி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு; இனி அவரே இடித்து ஊட்டட்டும். மாத்திரை அட்டையோடு டாக்டரைப் பார். அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பெண் குழந்தைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அங்கே எல்லோரும் பையன் வேண்டுமென்று துஆ செய்கிறீர்கள். இங்கே நான் ஒருத்தி மட்டும் பெண் வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா