சூடு என்று நம்பிய நாம்

இன்று சனிக்கிழமை. விடிந்ததும் என் மனைவி விளக்கெண்ணெயைக் காய்ச்சி என் உள்ளங்காலில் தேய்த்துவிட்டாள். இந்த அசதி எல்லாம் உடம்புச் சூடுதான், ரெண்டு சனிக்கிழமை தலை முழுகினால் சரியாகிவிடும் என்றாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது, பாய். வளைகுடாவில் லாரி ஓட்டிக்கொண்டு, விரையில் வந்த கட்டியை எட்டு மாதம் சூட்டுக்கட்டி என்று நம்பி, கோட்டக்குப்பத்திலிருந்து வரவழைத்த விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தவன் நீ. எனக்கு வந்த கட்டியை நானும் அப்படித்தான் நம்பினேன், மூன்று மாதம். நமக்குள் வித்தியாசம் அவ்வளவுதான். மிச்ச ஐந்து மாதத்தில் உன்னுடையது நுரையீரலுக்குப் போய்விட்டது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற நம் இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நீதான் முதலில் பேசினாய். "ஒனக்கும் ஒண்ண எடுத்துட்டாங்களா?" என்றாய், பல் பிடுங்கியதை விசாரிப்பது போல. எனக்கு உடம்பே கூசியது. கூடப் பிறந்த அண்ணனிடம்கூட அதை நான் சொல்லவில்லை. நீயோ சிரித்தாய். "நாம ரெண்டு பேரும் இனிமே ஒத்த மாட்டு வண்டிய்யா. மெதுவாத்தான் போவோம், வுடு." மருந்து ஏற்றிய மூன்று மாதமும் இப்படித்தான் ஓடியது. நான் வாந்தி எடுத்தால் நீ பேசின் பிடிப்பாய், உனக்கு நான். சாயந்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஊர்ந்து வந்து, நீ பாண்டி பஸ்ஸில் ஏறுவாய், நான் திண்டிவனம் பஸ்ஸில்.

ஊரில் நான் சொல்லி வைத்திருந்தது வேறு கதை. நிலக்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவனுக்கு ஆபரேஷன் என்றால் குடலிறக்கம் என்றுதான் நினைப்பார்கள். நானும் ஆமாம் என்றுவிட்டேன். முடி கொட்டியதைத் திருப்பதி மொட்டை என்றேன். வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும். குடலிறக்கக்காரன் மூன்று மாதத்தில் மூட்டை தூக்க வந்துவிடுகிறான். எனக்கு ஒரு வருஷம் கழித்தும் ரெண்டு மூட்டைக்கே மூச்சு வாங்கியது. சோம்பேறி என்று பேர் வாங்கினேன்.

வலி ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய பேஜாரு. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லலாம். எதுவுமே வேண்டாம் என்றிருப்பதை என்னவென்று சொல்வது? மகள் மடியில் ஏறினால் இறக்கிவிட்டேன். சோறு மண் மாதிரி இருந்தது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிய பிறகு இப்படிக் கிடக்க வெட்கமாகவும் இருந்தது. திரும்பவும் வந்துவிட்டதோ என்று பயம் வேறு. அந்தப் பயத்திலேயே அடுத்த ரெண்டு செக்கப்புக்கும் போகவில்லை. போய் வந்தேன், எல்லாம் சரி என்றார்கள் என்று வீட்டில் பொய் சொன்னேன். அதனால்தான் அவள் பாவம், சூடு என்று நினைத்துக்கொண்டாள்.

போன சித்திரையில் நீ போன் பண்ணினாய். குரல் பாதிதான் வந்தது. "சும்மா வந்து ஒக்காந்துட்டுப் போய்யா. பேசக்கூட வாணாம்." நாளைக்கு வருகிறேன் என்றேன். மறுநாள் நீ கேட்டபோது மண்டியில் லோடு ஜாஸ்தி என்றேன். அதற்கு மறுநாளும் அதே லோடுதான். உண்மையில் மூன்று நாளும் நான் கட்டிலில் கிடந்தேன். சட்டை மாட்டக்கூடக் கை எழவில்லை. நாலாம் நாள் உன் தம்பி போன் பண்ணினான். அடக்கத்துக்கு வந்து மூன்று பிடி மண் போட்டேன். அன்றைக்கு மட்டும் எப்படியோ வர முடிந்தது, பார். அது இன்னும் என்னை அரிக்கிறது.

இன்று எண்ணெய்க் காலோடு உட்கார்ந்திருக்கையில், நீ எட்டு மாதம் செய்ததையே நானும் செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. செக்கப்புக்குப் போகவே இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து, "குளிச்சிட்டு வா, போலாம்" என்றாள்.

விழுப்புரத்தில் ரத்தம் எடுத்தார்கள். இந்த வைத்தியத்துக்குப் பிறகு சிலருக்கு ஹார்மோன் குறைந்து இப்படி ஆகும், சிலருக்கு மனசு விழுந்துவிடும், ரெண்டுக்கும் பார்க்க வழி இருக்கிறது என்றார் டாக்டர். வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும் என்றும் கேட்டார். ரிசல்ட் வியாழக்கிழமை வரும். எனக்கொன்றும் தெம்பு வந்துவிடவில்லை. திரும்பும்போது விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதுகூடத் தெரியாமல் தூங்கினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மண்டிக்குப் போனேன். குடலிறக்கம் இல்லை, கேன்சர், ஒரு விரையை எடுத்துவிட்டார்கள் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "இத்தினி நாளா ஒன்ன சோம்பேறின்னு பேசிக்கினு இருந்தேனேய்யா" என்றார். திங்கட்கிழமையிலிருந்து தூக்க வேண்டாம், உட்கார்ந்து சாக்கு வாய் தைத்தால் போதும் என்றார்.

ஒரே நாளில் ரெண்டு பேரிடம் சொல்லிவிட்டேன், பாய். ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை உனக்குத்தான் முதலில் கொடுத்திருக்க வேண்டும். எழுந்திருக்க முடியவில்லை, அதான் வரவில்லை என்று சொல்லியிருந்தால் நீ கோபித்திருக்கவே மாட்டாய். உன்னைவிட அது வேறு யாருக்குப் புரியும்? உன்னைப் பார்க்க வருவதைவிட எனக்கு மல்லாட்டை மூட்டைதான் பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே நீ போய்விட்டாய்.